நாற்பத்தொன்றாம் காய்ச்சல்

புடவைக் கடைகளுக்கென்று செய்த செயலி அது.
மாதம் முந்நூறு ரூபாய் வாடகை.
முதல் நாளே கேட்டது: நிறம் என்ன?
தண்ணீர் நிறம் என்று போட்டேன்.
பார்டர் உண்டா?
இல்லை.
வீட்டில் துவைக்கலாமா?
பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போகவிடவில்லை.
மூக்கைத் துவைக்கலாம் என்று எழுதினேன்,
ஒப்புக்கொண்டது.

கட்டபெட்டு தாண்டி மூன்றாம் வளைவில் மட்டும்
சிக்னல் இரண்டு கோடு நிற்கும்.
பாய்லரைச் செபஸ்தியிடம் விட்டுவிட்டு
ஸ்வெட்டருக்குள் போனை அணைத்தபடி ஏறுவேன்,
குளிரில் பேட்டரி செத்துவிடும்.

அறுநூறு கிலோ கற்பூர இலை
விடிய விடிய வெந்தால் ஆறு லிட்டர் தைலம்.
அறுபது புட்டி.
எங்கள் பேச்சில் அது ஒரு காய்ச்சல்.
செயலியிலும் அப்படியே ஏற்றினேன்:
காய்ச்சல் எண், தேதி, காய்ச்சியவர்,
குறிப்பு என்று ஒரு கட்டம்.
புட்டிக்குப் புட்டி கறுப்புப் புள்ளிச் சதுரம்,
போனைக் காட்டினால் அந்த ராத்திரி திறக்கும்.

முதலில் திறந்த காரமடைக்காரர்
பதறிக் கூப்பிட்டார்:
'முப்பத்தெட்டுக் காய்ச்சல்னு வருதுங்க,
டிகிரியா அது?'

ஊட்டியில் சேரிங்கிராஸ் பக்கம்
நூறு ரூபாய்க்கு மூன்று புட்டி.
என்னுடையது ஒன்றே இருநூற்றுப் பத்து.
பேருந்து பத்து நிமிடம் நிற்கிற இடத்தில்
எதைச் சொல்லி எதை விற்பது?
டர்பன்டைன் கலந்ததும்
கண்ணீர் வரவைக்கத்தான் செய்கிறது.

தை மாதம், உறைபனி புல்லைக் கருக்கிய வாரம்,
நாற்பத்தொன்று.
செபஸ்தி குறிப்பில் தட்டியிருந்தார்:
'ஈர வெறகு. பொகை உள்ள பூந்துருச்சு. என் தப்பு.'
அழிக்கலாமா என்று வளைவில் நின்றேன்.
இரண்டு கோடு ஒன்றாகி, அதுவும் போனது.
வரி தப்பித்துக்கொண்டது.

குளித்தலையிலிருந்து தமயந்தி என்றொருவர் எழுதினார்:
'புகை வாசம். திட்டலாமென்றுதான் திறந்தேன்.
அதற்குள் நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.
அடுத்த காய்ச்சலில் இரண்டு அனுப்புங்கள்.'

பங்குனியில் அந்தக் கணக்கு வந்தது.
நாற்பத்தொன்று: அறுபது புட்டி.
திறந்தவர்கள்: எழுநூற்றுப் பன்னிரண்டு.

செயலிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.
திருச்சூர், ஓசூர், ராய்ச்சூர்,
நான் ஒரு துளி அனுப்பாத ஊர்கள்.
ஞாயிறு பூசை முடித்து ஊட்டிக்குப் போன செபஸ்தி
நூறு ரூபாய்க்கு மூன்று வாங்கி வந்தார்.
மூன்றிலும் என் சதுரம்.
கைக்குக் கிடைத்த ஒன்றைப் பார்த்து
எந்த அச்சகமோ ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறது.
மூடியைத் திருகி முகர்ந்தார்.
'நம்ம பொகைகூட இல்லையேம்மா இதுல'
என்றார், மனம் நொந்து.

போலீசுக்குப் போ என்றார் சங்கச் செயலர் ஹாலன்.
சதுரத்தை மாற்று என்றார் இலை லாரிக்காரர்.
நான் வளைவுக்கு ஏறினேன்.
செபஸ்தியின் வரிக்குக் கீழே சேர்த்தேன்:
'இந்தக் காய்ச்சலில் அறுபது புட்டிதான்.
மாசியிலேயே தீர்ந்தது.
உங்கள் கையில் இருப்பதில் புகை வாசம் இருக்கிறதா?
இல்லையென்றால்
அது எங்கள் தப்பு அல்ல.'

வைகாசிக்குள் அந்தப் பக்கத்தின் வழியே
வந்த ஆர்டர் நூற்று முப்பத்தேழு.
ராய்ச்சூர்க்காரர் ஒருவர் புகை போட்டதே வேண்டுமென்கிறார்.
இருப்பில்லை என்று சொன்ன செயலி
அவரிடம் கேட்டிருக்கிறது:
இதே டிசைன், வேறு நிறம் பார்க்கிறீர்களா?

ஒட்டுகிறவன் ஒட்டிக்கொண்டே இருக்கிறான்.
கூலி நான் தரவில்லை.
நாளைக்கே வேறு எண்ணை ஒட்டினால் என்ன செய்வேன்
என்று சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இன்றைக்கு அறுபத்து மூன்று.
விறகு காய்ந்தது, தீ ஒரே சீர்,
குழாய் வாயில் தைலம் நூல் பிடித்து இறங்குகிறது.
குறிப்பில் என்ன போட என்றார் செபஸ்தி.
உள்ளதைப் போடுங்கள் என்றேன்.
வெகுநேரம் யோசித்து, ஒற்றை விரலால் தட்டினார்:
'சொல்ல ஒண்ணும் இல்ல.'

அதை ஏற்றத்தான் இப்போது
ஏறிக்கொண்டிருக்கிறேன்.